தொங்கிய வேட்பாளர்

உத்தமனோடு சினிமாவுக்குப் போவதும் வேப்பெண்ணெய் குடிப்பதும் ஒன்று என்பாள் அவன் பெண்டாட்டி ஞானம்மாள். கதாநாயகன் மாடியிலிருந்து குதித்தால் கொட்டகையே விசிலடிக்கும். இவன் மட்டும், "கீழ வைக்கோல் கொட்டிக் கீறான். அத்த மறைச்சு எடுத்துட்டான்" என்று பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் சேர்த்துச் சொல்வான். கதாநாயகி மலை விளிம்பில் நின்று அழுதால், "மொதல்ல இந்தாண்ட வரச் சொல்லு. அப்பால அழுவட்டும்" என்பான். கொட்டகைக்குள் நுழைந்ததும் வெளியே போகும் கதவு எங்கே என்று தேடுவான். அது பூட்டியிருந்தால் டிக்கெட் போனால் போகட்டும் என்று ஞானம்மாளையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவான். பாதிப் படம் பார்த்த கதைகள் அவளிடம் நிறைய உண்டு.

தெருவிலும் அதே கதைதான். நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டைக் கடக்க அவனுக்கு ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆகும். பஸ் படிக்கட்டில் தொங்கும் பையன்களை முதுகில் தட்டி உள்ளே தள்ளி, வாங்கிக் கட்டிக்கொள்வான். ஸ்டவ்வுக்கு மேலே கொடி கட்டித் துணி காயப்போட்ட குற்றத்துக்காக ஞானம்மாளிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனைக்கும் அவன் தொழில் என்ன என்கிறீர்கள்? சாரம் கட்டுவது. பூந்தமல்லியிலிருந்து திருமழிசை வரைக்கும், சவுக்குக் கம்பும் கயிறும் வைத்துக்கொண்டு ஆகாயத்துக்கு ஏணி போடுகிறவன். அவன் கட்டிய சாரத்தில் யானையை ஏற்றலாம் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள்.

பிறக்கும்போதே இப்படிப் பயந்தவன் இல்லை. ஒரு காலத்தில் அவனும் உச்சிக் கம்பில் ஒற்றைக் காலில் நின்று பீடி பற்றவைத்தவன்தான். அந்த உத்தமன் எண்பத்தாறாம் வருஷப் பொங்கலோடு முடிந்துபோனான். அன்றைக்குத்தான் அவன் அண்ணன் சின்னசாமி கட்அவுட்டின் உச்சியிலிருந்து விழுந்து செத்தான்.

அப்பன் காலம்வரை அடுத்தவன் கழனியில் சேறு மிதித்த குடும்பம். திருமழிசைப் பக்கம் கழனியெல்லாம் தொழிற்பேட்டையான பிறகு அண்ணனும் தம்பியும் சவுக்குக் கம்பைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அப்பன் குடித்தே குடல் வெந்து செத்தவன். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் சின்னசாமி. கல்யாணமான அன்றைக்கு நாகம்மாளின் தலையில் கை வைத்து, "ஒரு சொட்டு தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தான். செய்ததோடு நிற்காமல் காப்பாற்றவும் செய்தான். வேலை முடிந்து மற்றவர்கள் கடைப் பக்கம் ஒதுங்கினால், இவன் பக்கோடாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு நடப்பான். நாகம்மாளுக்கு அந்தப் பொட்டலத்தில் எண்ணெய் இருந்ததோ இல்லையோ, பெருமை நிறைய இருந்தது.

அந்தப் பொங்கலுக்குப் பூந்தமல்லிக் கொட்டகையில் ஒரு பெரிய நடிகரின் படம் ரிலீஸ். ரசிகர் மன்றத் தலைவன் குணசேகரன். ஆறாள் உயரத்துக்குக் கட்அவுட் நிற்கிறது. பின்னால் சாரம் முடிந்துவிட்டது, ஆனால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டுகிற கயிறு இன்னும் கட்டவில்லை. காலையிலிருந்தே காற்று. முதல் காட்சிக்குக் கூட்டம் வந்துவிட்டது, தலைவர் கழுத்தில் மாலை இல்லை, குணசேகரனுக்கு மானம் போகிறது. கயிறு கட்டிவிட்டு ஏறுகிறேன் என்றான் சின்னசாமி. "எங்க தலைவருக்கு மாலை போட ஒனக்குத் தொடை நடுங்குதா? பொடவைய கட்டிக்கினு வூட்ல குந்து" என்றான் குணசேகரன். அத்தனை பேர் சிரித்தார்கள். சின்னசாமி மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். மாலையைக் கழுத்தில் மாட்டிவிட்டான். கட்அவுட் காற்றில் ஒரு அசைவு அசைந்தது, அவ்வளவுதான்.

இதெல்லாம் உத்தமனுக்கு, அண்ணனோடு சாரம் கட்டிய துலுக்கானம் சொல்லித் தெரிந்தது. உத்தமன் அன்றைக்குத் திருநின்றவூர் ஏரிப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சாரம் கட்டப் போயிருந்தான். துலுக்கானமும் அண்ணன் விழுந்த கையோடு ஆட்டோ பிடிக்க ஓடிவிட்டான். திரும்பி வந்தபோது சின்னசாமியின் சட்டையில் பிராந்தி நாற்றம் குப்பென்று அடித்தது. போலீஸ்காரர் மோந்து பார்த்தார், மூக்கைச் சுளித்தார், எழுதிக்கொண்டு போய்விட்டார். "வாணாம் வாணாம்னோம். போதைல அவனே ஏறிட்டான்" என்று குணசேகரன் எல்லோரிடமும் சொன்னான். மாலையோடு சாவுக்கு வந்தவன், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நாகம்மாளிடமும் அதையே சொன்னான்.

வாய்க்கரிசி போடக் குனிந்தபோதுதான் உத்தமனுக்கு உறைத்தது. அண்ணன் முகத்துக்கு மிக அருகில் அவன் முகம் இருந்தது. சட்டை நாறியது. வாய் நாறவில்லை. குடித்தவன் வாய் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "அண்ணன் குடிக்கல. எவனோ மேல ஊத்திக் கீறான்" என்று கத்தினான்.

யார் கேட்டார்கள்? துக்கத்தில் உளறுகிறான் என்று தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். துலுக்கானம் சொன்னதையும், கூட்டாளிக்காகச் சொல்கிறான் என்று தள்ளிவிட்டார்கள். நாகம்மாளும் நம்பவில்லை. "அண்ணன் மானத்தைக் காப்பாத்தப் பொய் சொல்றே உத்தமா. எந்தலைல கைய வெச்சு சத்தியம் பண்ண வாயி. அந்த வாயில ஊத்திக்கினு ஏறிக் கீறான் பாரு" என்றாள். அன்றைக்கு நின்ற அழுகைதான், பிறகு அவள் அவனுக்காக அழவே இல்லை. அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பரணில் போட்டாள். திதி கொடுக்கவில்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு ஓரம் இட்லிக் கடை போட்டுப் பிழைத்தாள். யாராவது புருஷனைப் பற்றிக் கேட்டால், "குடிகாரன், செத்தான்" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு இட்லித் துணியை உதறுவாள்.

குணசேகரன் அண்ணனைக் கொன்றதைக்கூட உத்தமன் ஒரு வேளை விதி என்று விழுங்கியிருப்பான். செத்த பிறகும் அண்ணனைப் பெண்டாட்டி கையால் தினம் தினம் செருப்பால் அடிக்க வைத்தானே, அதை விழுங்க முடியவில்லை. அண்ணன் குடிக்கவில்லை என்று குணசேகரன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும், நாகம்மாள் காதில் அது விழ வேண்டும். அதற்குப் பிறகு தன்னைத் தூக்கில் போட்டாலும் சரி. பத்து வருஷமாக அவன் காலையில் எழுந்ததும் நினைப்பது இதைத்தான். பல் விளக்குவது அப்புறம்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மன்றம் கட்சியாகி, குணசேகரன் கரைவேட்டியாகி, கவுன்சிலர் வேட்பாளராகி நின்றான். நின்றவன் நேரே உத்தமனிடமே வந்தான். அடித்தவன் மறந்துவிடுவான், அடிபட்டவன் மறக்க மாட்டான் என்பது சும்மாவா? கட்சித் தலைவருக்குப் பெரிய கட்அவுட், காலடியில் கும்பிட்டபடி தனக்கு ஒரு சின்னக் கட்அவுட், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பிரசாரம் முடிகிற நாளுக்குள் நிற்க வேண்டும் என்றான்.

"நீதான் கட்டணும் உத்தமா. ஒன் கை ராசியான கை" என்றவன், போகிற போக்கில் சிரித்துக்கொண்டே, "ஆனா ஒங்கண்ணன் மாரி ஊத்திக்கினு ஏறிடாத நைனா. எலக்சன் டைமு" என்றான்.

 உத்தமன் கையில் இருந்த, கயிறு அறுக்கும் பாளைக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "செஞ்சிடலாம் அண்ணாத்தே" என்றான்.

துலுக்கானம் பதறினான். "மாமே, இவனுக்குப் போயி கட்றியா? சொரணை இல்ல?"

"அவனுக்குக் கட்டாம வேற யாருக்குக் கட்றது" என்றான் உத்தமன். துலுக்கானத்துக்கு அது புரியவில்லை.

அந்தச் சிரிப்பைக் கேட்ட ஆத்திரத்தில், சொல்ல வைப்பதெல்லாம் மறந்து, முதலில் அவன் மனதில் வந்தது சுலபமான வழி. குணசேகரன் பேசப்போகும் மேடைக்கு நேர் மேலே இரண்டு முடிச்சைத் தளர்த்திவிட்டால் போதும். தலைவரே தொண்டன் தலையில் இறங்கிவிடுவார். ஆனால் கம்பு நட ஆரம்பித்ததும் பத்து வருஷப் பழக்கம் குறுக்கே வந்து நின்றது. கீழே பூக்காரி உட்கார்கிற இடத்தைப் பார்த்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பெண்பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தைப் பார்த்தான். ஒரு கம்பு சாய்ந்தால் நீ யாருக்கு ஓட்டு என்று கேட்டுவிட்டா விழும்? தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டான், கை தானாகத் திரும்பிப் போய் அதை இறுக்கியது. இன்னொன்று போட்டான், அதையும் இறுக்கியது. தன் கை மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது. உச்சியில் உட்கார்ந்து, பழி வாங்கக்கூட லாயக்கில்லாத கை என்று வாய்விட்டுத் திட்டினான். கீழே இருந்த துலுக்கானம் தன்னைத்தான் திட்டுகிறான் என்று இரண்டு கம்பைக் கூடுதலாகத் தூக்கிக் கொடுத்தான்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது உச்சியிலிருந்து கீழே பார்த்தான். குணசேகரன் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் கண்ணில் பட்டு அல்ல, உயரம் பார்த்தே அவன் முகம் சுருங்குவதை உத்தமன் கவனித்தான். ஓ, இவனுக்கு உயரம் ஆகாதா! அடுத்தவனை ஏற்றிவிட்டே பேர் வாங்கிய மன்றத் தலைவன், தன் வாழ்நாளில் ஒரு ஏணிப்படி ஏறியதில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

இறங்கி வந்து பவ்யமாக நின்றான். "அண்ணாத்தே, தலைவருக்கு மாலை யாரு போடறது?"

"எவனாச்சும் ஒரு பையன் ஏறிப் போடுவான். இன்னா இப்போ?"

"எதிர்க்கட்சிக்காரனும் அத்தத்தான் பண்றான். வேட்பாளரே மேல போயி போட்டா எப்டி இருக்கும்! சினிமாவுல ஹீரோ ஹெலிகாப்டர்ல வர்றான் பாரு, அந்த மாரி. பேப்பர்ல போட்டோ வரும்."

குணசேகரன் நாக்கால் உதட்டைத் தடவினான். அவனைச் சுற்றி நின்ற பையன்கள், "சூப்பர் தலைவா, மெர்சலாயிடும்" என்று குதித்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் முடியாது என்று சொல்ல அவனால் ஆகுமா? பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருவனை எந்த வழியாக மேலே ஏற்றினானோ அதே வழி இப்போது அவன் முன்னாலேயே திறந்து நின்றது. இந்த முறை ஏற்றிவிட உத்தமன்கூடத் தேவைப்படவில்லை, குணசேகரனின் ஆட்களே போதுமாக இருந்தார்கள்.

"ஏற வாணாம் அண்ணாத்தே" என்றான் உத்தமன். "பலகைல சோக்கா குந்திக்கோ. இடுப்புல பெல்ட்டு. கப்பி வெச்சு நாங்க இழுத்துக்கறோம். கைல மைக்கு குடுத்துடறேன், மேல இருந்து ஓட்டு கேளு. ஊரே கேக்கும்."

மைக் என்றதும் குணசேகரனின் முகம் மலர்ந்துவிட்டது. தவளை தன் வாயால்தான் கெடும், அதற்கு ஒலிபெருக்கியும் வைத்துக் கொடுத்தால் கேட்க வேண்டுமா.

பிரசாரம் ஓய்கிற நாள், சாயங்காலம். பஸ் ஸ்டாண்டு எதிரே எள் போட இடமில்லை. பேண்டு வாத்தியம், சரவெடி. நாலு திக்கிலும் குழாய் ஸ்பீக்கர். அதில் ஒன்றை நாகம்மாளின் இட்லிக் கடையைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொல்லி மைக்செட்காரனிடம் உத்தமன் முன்னமே சொல்லியிருந்தான். கட்அவுட்டின் அடியில் சவுக்குக் கம்பால் வேலி கட்டி, யாரும் உள்ளே வராதபடி துலுக்கானத்தை நிறுத்தினான். காற்று எப்படி என்று வாயில் விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தான். கம்பு கம்பாகத் தட்டிப் பார்த்தான். கப்பிக்கு எண்ணெய் விட்டான்.

பலகையைத் தூக்குவது புது நைலான் கயிறு. உச்சிக் கப்பி வழியாக வந்து, கீழே அடித்த முளையில் சுற்றித் துலுக்கானம் கையில் முடிகிறது. இதுவே போதும். ஆனாலும் உத்தமன் பெல்ட்டின் பின்பக்கம் இன்னொரு கயிற்றை முடிந்தான். அதன் மறுமுனையை எடுத்துக்கொண்டு அவன் கட்அவுட்டுக்குப் பின்னால் கம்பு கம்பாக ஏறுவான், ஏற ஏறக் கட்டிக்கொண்டே போவான். முதல் கயிறு போனாலும் இது பிடிக்கும். முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் குணசேகரனுக்கு இந்தக் கயிறு தெரியாது. அவனுக்குத் தெரியக் கூடாது என்பதும் உத்தமனின் கணக்குத்தான்.

"நான் கை காட்டாம எறக்காதே. எவன் சொன்னாலும் எறக்காதே" என்றான் துலுக்கானத்திடம்.

துலுக்கானம் அவன் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "சர்தான் மாமே" என்றான். இப்போது அவனுக்குப் புரிந்திருந்தது.

குணசேகரன் மடியில் மாலையும் கையில் மைக்குமாக மேலே போனான். தலைவரின் முழங்கால்வரை சிரித்துக்கொண்டிருந்தான். "வாக்காளப் பெருமக்களே" என்று ஸ்பீக்கர் அதிர்ந்தது. தலைவரின் இடுப்புக்கு வந்ததும் குரலில் நடுக்கம் தட்டியது. மார்பளவு வந்ததும் பலகை நின்றது.

"இழுங்கடா... ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான் மைக்கிலேயே. கூட்டம் சிரித்தது.

தலைவரின் அக்குளுக்குப் பக்கத்திலிருந்து உத்தமனின் தலை நீண்டது. எட்டி மைக்கை உள்ளங்கையால் பொத்தினான்.

"இன்னா உத்தமா, கப்பி மாட்டிக்கிச்சா?"

"கப்பி சோக்கா கீது. நான்தான் நிறுத்தி வெச்சுக் கீறேன்."

"வெளாடாதடா. தல சுத்துது. எறக்கச் சொல்லு."

"எங்கண்ணன் எப்டி செத்தான் அண்ணாத்தே?"

குணசேகரன் அவனைத் திரும்பிப் பார்த்தான். கீழே பார்த்தான். உடனே கண்ணை மூடிக்கொண்டான். "டேய், அது பழைய கதைடா. அவன் குடிச்சிட்டு..."

உத்தமன் பலகையைக் காலால் லேசாகத் தள்ளினான். அது குணசேகரனோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மடியிலிருந்த மாலை நழுவிக் கீழே விழுந்தது, கூட்டம் "ஓ" என்றது.

"மறுபடி சொல்லு."

"எறங்குன ஒடனே ஒன்னை உசுரோட பொதைக்கிறேன் பாரு, கஸ்மாலம்!"

"எறங்குனாத்தானே?" என்றான் உத்தமன். இன்னொரு முறை தள்ளினான். "இங்கேந்துதான் எங்கண்ணனும் கீழ பார்த்தான். அவன் கைல புடிச்சுக்கக் கயிறுகூட இல்ல. ஒனக்கு இன்னா, ஜம்முனு பலகை கீது. ஒரே ஒரு கயிறுதான், ஆனா புதுக் கயிறு. காத்து வேற ஏறிக்கினே போவுது. இஷ்டம் போல யோசி. எனக்கு அவசரமில்ல, நான் பத்து வருசமா காத்துக்கினு கீறேன்."

குணசேகரனின் வெள்ளை வேட்டியில் ஈரம் படர்ந்து, பலகை விளிம்பில் சொட்டியது. அதைப் பார்க்க உத்தமனுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், பால்பாயசம் குடித்த மாதிரி இனித்தது. இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"இன்னா சொல்லணும்?" என்றான் குணசேகரன். குழந்தைக் குரல் அது.

"நடந்தத்த சொல்லு. நாகம்மாளுக்குச் சொல்லு." உத்தமன் மைக்கிலிருந்து கையை எடுத்தான்.

நாலு திக்கிலும் ஸ்பீக்கர் மூச்சு வாங்கியது. பிறகு பேசியது. "நாகம்மா... ஒம் புருசன் சின்னசாமி குடிக்கல. காத்தடிக்குது, கயிறு கட்டிட்டு ஏறுறேன்னுதான் சொன்னான். நான்தான் வுடல. வுளுந்துட்டப்பால மன்றத்துப் பேரு கெட்டுடும்னு... நான்தான் பிராந்திய அவன் சட்டைல ஊத்தினேன். அவன் குடிக்கல. என்னை எறக்குங்கடா... அம்மா சத்தியமா அவன் குடிக்கல."

இதுவும் பிரசார நாடகம் என்று நினைத்த இரண்டு பேர் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்றவர்கள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள். பேண்டு வாத்தியம் பாதியில் நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, எட்டாது என்று தெரிந்தும் மேலே பார்த்து வீசினாள். உத்தமன் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அண்ணன் செத்த அன்றைக்கு வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தான்.

இட்லிக் கடையில் ஆள் இல்லை. நாகம்மாள் ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு பஸ் அவளுக்காகப் பிரேக் போட்டு முனகியது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டம் தானாக விலகி வழி விட்டது. அவள் முகத்தைப் பார்த்த துலுக்கானம் வேலிக் கம்பைத் தூக்கி உள்ளே விட்டான். அவள் அழ வந்திருக்கிறாள் என்று நினைத்தான். உத்தமனும் அப்படித்தான் நினைத்தான். "அண்ணி! கேட்டியா அண்ணி!" என்று மேலிருந்து கத்தினான்.

அவள் கையில் வாழை இலை நறுக்குகிற கத்தி இருந்தது.

காற்று, கம்பு, கப்பி, கயிறு, கூட்டம், துலுக்கானம், மைக்செட்காரன் என்று எல்லாவற்றுக்கும் உத்தமன் யோசித்து வைத்திருந்தான். இவளுக்கு யோசிக்கவில்லை. பத்து வருஷமாக இவளுக்காகவே எல்லாம் என்று நினைத்தவன், கேட்ட பிறகு இவள் என்ன செய்வாள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. முறுக்கேறி நிற்கும் கயிற்றுக்குக் கத்தி பட்டாலே போதும். துலுக்கானம் "யக்கா!" என்று பாய்வதற்குள் அவள் கத்தியை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

அறுந்த கயிறு கப்பியில் விர்ரென்று ஓடியது. பலகையும் குணசேகரனும் விழுந்தார்கள். கூட்டம் அலறியது. ஒரு ஆள் உயரம் விழுந்ததும் அவன் பெல்ட்டோடு சுண்டி நின்றான். தலைவரின் இடுப்பில் முதுகு மோதி, தலை தொங்க, கை கால் உதறிக்கொண்டு ஊசலாடினான். மைக் மட்டும் தரையில் விழுந்து ஊரெல்லாம் கிறீச்சிட்டது.

கத்தியோடு நின்ற நாகம்மாள் தொப்பென்று சத்தம் கேட்கக் காத்திருந்தாள். கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். பெல்ட்டின் பின்னாலிருந்து போகும் கயிற்றைப் பார்த்தாள். அந்தக் கயிறு போகிற வழியே அவள் கண்ணும் போனது. கம்பு கம்பாக ஏறி, கடைசியில் உத்தமனின் கையில் வந்து நின்றது. அறுந்த சத்தம் கேட்டதுமே, கட்டியது போதாதென்று அவன் அதைத் தாவிப் பிடித்துக் கம்பில் சுற்றியிருந்தான். உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது அவனுக்கே தெரியவில்லை.

"அது இன்னா கயிறு?" என்றாள். கத்தவில்லை. அந்த அமைதியில் மேலேவரை கேட்டது.

"ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கும் அண்ணி..."

"யாரு கட்டுனது?"

 உத்தமன் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படிக் கட்டுகிற ஆள் வேறு யார்?

"எம் புருசனுக்கு ஒரு கயிறு கட்ட ஆளில்ல" என்றாள் நாகம்மாள். "அவனைக் கொன்னவனுக்கு நீ ரெண்டு கட்டிக் கீறே."

கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்த வழியே போனாள்.

குணசேகரனை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விலா எலும்பு இரண்டு போயிருந்தது. போலீஸ் வந்து கேட்டபோது, கயிறு தானாக அறுந்தது, எனக்கு யார்மேலும் புகார் இல்லை என்றான். புகார் கொடுத்தால் எதையெல்லாம் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா. தேர்தலில் டெபாசிட் போனது. அவன் தெருவில் நடந்தால் பொடிசுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வேட்டி நனையுது, வேட்டி நனையுது" என்று பின்னாலேயே ஓடின. ஆறு மாதத்துக்குள் வீட்டை விற்றுவிட்டு ஆவடிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போய்விட்டான்.

நாகம்மாள் பரணிலிருந்து படத்தை இறக்கினாள். கண்ணாடி மாற்றி, பெரிதாக்கி, இட்லிக் கடையிலேயே மாட்டினாள். தினமும் காலையில் முதல் இட்லி அந்தப் படத்துக்கு முன்னால்தான். "எம் புருசன், சொட்டு தொடாதவன்" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னாள். கொடுக்காமல் விட்ட திதிக்கெல்லாம் சேர்த்துத் தையில் ஒரு பெரிய திதி வைத்தாள். உத்தமன் பத்து வருஷமாகக் கேட்ட வரம் எல்லாம் அப்படியே கிடைத்தது. ஊரே அவனைத் தட்டிக்கொடுத்தது. ஆனால் அவன் கடைப் பக்கம் போனால் அவள் அடுத்த ஆளுக்குச் சட்னி ஊற்றத் திரும்பிக்கொள்வாள்.

திதியன்று ஞானம்மாளோடு அண்ணன் வீட்டுக்குப் போனான். காக்கைக்குச் சோறு வைத்தாயிற்று. உள்ளே வரிசையாக இலை போட்டிருந்தது. துலுக்கானம் உட்கார்ந்திருந்தான், அன்றைக்கு மண்ணை வீசிய கிழவிகூட உட்கார்ந்திருந்தாள். காலி இலை ஒன்று இருந்தது. உத்தமன் செருப்பை விட்டுவிட்டு வாசற்படியில் கால் வைத்தான்.

நாகம்மாள் குண்டானோடு வந்தாள். அவனைப் பார்க்காமல் ஞானம்மாளைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ வந்து குந்து ஞானம். அந்த ஆள, யாரைக் காப்பாத்துனாரோ அவன் வூட்ல போயி துன்னச் சொல்லு."